ஓடும் பால் ஏன் உறைகிறது?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் எல்லாருக்கும் தெரிந்த காட்சி ஒன்று உண்டு. இருள் பிரியுமுன்பே பெரட்டு முடிந்துவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காண்டாவும் வாளியும் கத்தியுமாக நம் தாய்மார்கள் நிரைக்குள் நுழைவார்கள். வெட்டுக் கோட்டின் மேல் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்துக் கூடையில் போடுவார்கள். பிறகு மங்கைத் துடைத்து வைத்து, பட்டையில் கத்தியைப் பதித்து, மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பார்கள். உடனே வெள்ளை வெளேரென்று பால் கோட்டில் ஓடி மங்கில் இறங்கும்.

முதல் சில நிமிடங்களுக்கு அது கோடாக ஓடும். பிறகு வேகம் குறையும். பிறகு சொட்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலான மரங்களில் நின்றே போகும். நாம் கேட்கப் போகும் கேள்வி இதுதான்: ஏன் நின்றது?

மரத்துக்குள் பால் தீர்ந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியன்று. நின்ற பிறகும் மரத்தின் பட்டைக்குள் ஏராளமான பால் இருக்கிறது. அடுத்த வெட்டு நாளில் அதே கோட்டில் தாளைப்போல் ஒரு சீவல் எடுத்தால் போதும், மறுபடியும் ஓடுகிறது. அப்படியானால் உள்ளே பால் இருக்கும்போதே வாசலை அடைத்தது எது? வெட்டுகிறவரின் வருமானம் இந்தக் கேள்வியோடு கட்டுண்டது. மங்கில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பால் இறங்கினால் நிறுவையில் எடை கூடும். ஓட்டம் சீக்கிரம் நின்றால் எடை குறையும். இதற்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில், பால் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். பார்வைக்கு அது ஒரே திரவம்போல் தோன்றும். உண்மையில் அது நீரில் மிதக்கும் கோடானு கோடித் துகள்களின் கூட்டம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரோன் என்று பெயர். ரப்பர்த் துகள்களில் மிகப் பெரியவையே மூன்று மைக்ரோன்தான். மற்றவை அதைவிடச் சிறியவை. நூறு பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு வரை ரப்பர். மிச்சத்தில் பெரும்பகுதி நீர். இப்படிக் கரையாமலும், அடியில் படியாமலும் நீரில் மிதந்துகொண்டே இருக்கும் நுண்துகள் கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். வீட்டில் குடிக்கும் பசும்பால், சுவருக்குப் பூசும் பெயிண்ட், எழுதும் மை எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

1861-ஆம் ஆண்டில் தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து இரசாயன அறிஞர் இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார். கோந்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அவர் எடுத்தார். மரக் கோந்தும் பசையும் உப்பையும் சர்க்கரையையும்போல் நடந்துகொள்வதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். இந்தத் துறைக்குப் பெயர் கிடைத்ததே கோந்தினால்தான்.

துகள்கள் ஏன் அடியில் படிவதில்லை? 1827-இல் இராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல் அறிஞர் பூவின் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்களை நீரில் இட்டு உருப்பெருக்கியில் பார்த்தார். அவை ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால்தான் இந்தத் துள்ளல் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அதைச் சோதனையால் உறுதிப்படுத்தியவர் பிரான்சு நாட்டு ஜான் பெரின். 1908-இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் நம் பக்கத்து மரம் ஒன்றின் பிசின். கம்போடியாவின் பெயரையே தாங்கி நிற்கும் காம்போஜ் என்னும் மஞ்சள் பிசின் அது. அந்த மரம் நாம் சுவைத்துச் சாப்பிடும் மங்குஸ்தானின் இனத்தைச் சேர்ந்தது. அந்தப் பிசினை நீரில் தேய்த்துக் கரைத்தால் பல அளவிலான மஞ்சள் உருண்டைகள் கிடைக்கும். அந்த உருண்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் அணுக்கள் உண்மையிலேயே உண்டு என்று உலகத்தை நம்ப வைத்தார் பெரின். 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1908-இல் பாரீஸ் நகரில் விக்டர் ஆன்றி என்பவர் இன்னொரு மரத்தின் பாலை உருப்பெருக்கியில் வைத்துச் சினிமாப் படம் எடுத்தார். அது ரப்பர்ப் பால்தான். பாலில் அமிலத்தைச் சேர்த்தால் அந்தத் துள்ளல் மந்தப்படுவதை அவர் படத்தில் கண்டார். ஸ்டோரில் ஆசிட் ஊற்றிப் பாலை உறைய வைத்த நம் பெரியவர்களின் வேலைக்கு உருப்பெருக்கியின் அடியில் கிடைத்த சாட்சி அது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். வாய்க்காலில் நீர் ஓடுவதைக் கவனித்திருக்கிறோம். நடுவில் வேகமாகவும் கரையோரத்தில் மெதுவாகவும் ஓடும். குழாய்க்குள்ளும் அப்படித்தான். சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேல் சீட்டைத் தள்ளினால் ஒரு சீட்டின் மேல் ஒரு சீட்டு நழுவுகிறதல்லவா? ஓடும் திரவத்திலும் ஓர் அடுக்கின் மேல் ஓர் அடுக்கு இப்படித்தான் நழுவுகிறது. இதை நழுவோட்டம் என்று சொல்வோம். குழாய் குறுகக் குறுக, தள்ளும் அழுத்தம் கூடக் கூட, நழுவலும் கடுமையாகும். நடுவில் அகப்பட்ட துகள்கள் உருளும், உரசும், ஒன்றோடொன்று மோதும்.

துகள் கலந்த திரவம் வெறும் நீரைவிட எவ்வளவு தடிப்பாக ஓடும்? இதையும் கணக்கிட்டவர் ஐன்ஸ்டைனே. 1905-இல் எழுதி முடித்த ஆய்வேட்டில் அதற்கு ஒரு சூத்திரம் தந்தார். நூற்றில் ஒரு பங்கு துகள் கலந்தால் தடிப்பும் நூற்றுக்கு ஒன்று கூடும் என்றது அது. சில ஆண்டுகள் கழித்துப் பெரினின் ஆய்வுக்கூடத்தில் பான்ஸ்லான் என்பவர் அதே காம்போஜ் பிசின் உருண்டைகளை நீரில் விட்டு அளந்து பார்த்தார். தடிப்பு, கணக்கு சொன்னதைவிட மிகவும் அதிகமாக இருந்தது. செய்தி ஐன்ஸ்டைனுக்கு எட்டியது. அவர் தம் உதவியாளர் லுட்விக் ஹாப்பை அழைத்துக் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். பிழை கணக்கில்தான் இருந்தது. நூற்றுக்கு ஒன்று அன்று, இரண்டரை என்று 1911-இல் ஐன்ஸ்டைன் திருத்தி வெளியிட்டார். நம் பக்கத்துக் காட்டு மரத்தின் பிசின் உலகப் பேரறிஞரின் கணக்கைத் திருத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் இந்தச் சூத்திரம் துகள்கள் அரிதாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். திருவிழாக் கூட்டத்தைப்போல் துகள்கள் நெருங்கிவிட்டால் நடத்தையே மாறிவிடும். சில கலவைகள் வேகமாகக் கலக்கும்போது இளகும். துகள்கள் ஓட்டத்துக்கு ஏற்ப ஒதுங்கி வழிவிடுவதே காரணம். தூரிகையால் இழுக்கும்போது இளகி, சுவரில் பட்டபின் வழியாமல் நிற்கும் பெயிண்ட் இந்த வகை. வேறு சில கலவைகள் வேகமாகக் கலக்கும்போது இறுகும். சோளமாவைக் கொஞ்சம் நீர் விட்டுக் கெட்டியாகக் கரைத்து மெல்லக் கலக்கிப் பாருங்கள், கரண்டி நகரும். வேகமாகக் குத்திப் பாருங்கள், கல்லாக நிற்கும். இப்படிப்பட்ட ஓட்டங்களை ஆராய்வதற்கென்றே 1929-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயிண்டின் ஓட்டத்தை ஆராய்ந்த யூஜின் பிங்ஹாம் அதற்கு முன்னின்றவர்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. இதை விளக்க நம் பாட்டிமார்களின் மத்து ஒன்றே போதும். தயிரைக் கடைந்தால் என்ன ஆகிறது? கொழுப்புத் துளிகள் ஒவ்வொன்றும் மெல்லிய தோல் போர்த்திக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. மத்தின் சுழற்சியில் அவை ஒன்றோடொன்று மோதி, தோல் கிழிந்து, ஒட்டிக்கொள்கின்றன. வெண்ணெய் திரள்கிறது. ரப்பர்த் துகளும் இப்படித்தான் புரதமும் கொழுப்பும் கலந்த தோல் ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. அந்தத் தோலில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலம் அந்த விலக்கத்தைக் குலைக்கிறது. கடுமையான கடைதலும் அதையே செய்கிறது. அதனால்தான் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் கெட்டிப்பாலை இன்றும் நிமிடத்துக்கு 14,000 சுற்று வேகத்தில் கலக்கி, எத்தனை வினாடிக்குப் பிறகு கட்டி தட்டுகிறது என்று பார்க்கிறார்கள். 650 வினாடியாவது தாங்க வேண்டும் என்பது அனைத்துலக அளவுகோல்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நம் மரத்துக்குத் திரும்புவோம்.

பிரேசில் காட்டு மரமான ரப்பர் நம் நாட்டுக்கு வந்த கதை பலருக்கும் தெரியும். 1876-இல் ஹென்றி விக்ஹாம் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். நூற்றுக்கு நான்கு விதைகூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குத் தலைவராக வந்தவர் ஹென்றி ரிட்லி. பிரேசிலில் அக்காலத்தில் கோடாரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். ரிட்லி வேறு வழியைக் கண்டார். ஒரே கோட்டின் விளிம்பிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துவிட்டால் மரத்துக்கும் கேடில்லை, அதே இடத்தில் பாலும் மறுபடி ஓடும் என்று 1890-களில் காட்டினார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து கத்தி பிடித்தார்கள்.

சீவினால் ஓடும் என்பது ரிட்லிக்குத் தெரியும். நம் முன்னோர்களின் கைக்கும் தெரியும். ஏன் என்பது மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த ‘ஏன்’ என்பதைத் தேடியவர்களில் முக்கியமானவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். 1925-இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1960-களில் இந்த வேலை நடந்தது. பட்டைக்குள் பால் நாளங்கள் தலைமுடியைவிட மெல்லியவை. அவற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை போட்மன், பட்டெரி என்ற இருவர் அளந்து 1964-இல் வெளியிட்டனர். விடியற்காலையில் அது 10 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி இருந்தது. கார் டயருக்குள் இருப்பதைப்போல் நான்கைந்து மடங்கு! வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கினால் அழுத்தம் இறங்கிவிடும். இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போனதற்குக் காரணம் இதுவே.

1966-இல் போட்மன் இன்னொன்றும் காட்டினார். ஓட்டம் தளரும்போது அதே கோட்டை மெல்லச் சீவித் திறந்துவிட்டால், ஓட்டம் மறுபடி வேகம் பிடித்தது. ஆகவே அடைப்பு மரத்தின் உட்புறத்தில் இல்லை. நாளத்தின் வாயிலேயே, கத்தி பட்ட இடத்திலேயே இருக்கிறது. சவுத்தார்ன் என்பவர் 1968-இல் எலக்ட்ரான் உருப்பெருக்கியால் அந்த இடத்தைப் பார்த்தார். நாளங்களின் முனையில் குட்டிக் குட்டி அடைப்பான்கள் தெரிந்தன.

அடைப்பானைச் செய்தது யார்? பாலில் ரப்பர்த் துகளைத் தவிர வேறொரு துகளும் உண்டு. 1948-இல் டச்சு ஆராய்ச்சியாளர்கள் அதற்கு லூட்டாய்டு என்று பெயரிட்டார்கள். அது மெல்லிய தோலாலான ஒரு பை. ரப்பர்த் துகளைவிடப் பெரியது. அதற்குள் அமிலச் சாறும், கால்சியம், மக்னீசியம் உப்புகளும், நேர்மின்னூட்டம் கொண்ட புரதமும் அடங்கியிருக்கின்றன. பை முழுதாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. பை உடைந்தாலோ, உள்ளே இருப்பது வெளியே சிந்தி, பக்கத்திலுள்ள ரப்பர்த் துகள்களைக் கட்டியாக்கிவிடும். மரம் தன் பாலுக்குள்ளேயே சிறு சிறு ஆசிட் பொட்டலங்களை வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொட்டலங்களை உடைப்பது எது? காரணம் ஒன்றன்று. பாக்கியநாதன், போட்மன், டெய்சம் ஆகிய மூவரும் 1966-இல் ஒரு காரணத்தைச் சொன்னார்கள். ஓட்டம் தொடங்கியதும் சுற்றியுள்ள திசுவிலிருந்து நீர் நாளத்துக்குள் இறங்குகிறது, பால் நீர்க்கிறது, பைகள் நீரை உறிஞ்சி ஊதி வெடிக்கின்றன. மற்றொரு காரணத்தை யிப், சவுத்தார்ன் இருவரும் 1968-இல் ஆராய்ந்தார்கள். புதுப் பாலை நுண்ணிய கண்ணாடிக் குழாய்களுக்குள் பெரும் அழுத்தத்தோடு செலுத்தினார்கள். நழுவோட்டத்தின் கடுமையில் லூட்டாய்டுகள் சிதைந்தன. கத்தி பட்டதும் உள்ளே இருந்த அழுத்தமெல்லாம் ஒரே பாய்ச்சலில் குறுகிய வாயை நோக்கி வருகிறது. அந்த நெரிசலில் பைகள் கிழிகின்றன. வாயில் கட்டி தட்டுகிறது. கதவு சாத்தப்படுகிறது.

நேயர்களே, இப்போது ரிட்லியின் மெல்லிய சீவலைப் புதிய கண்ணோடு பார்க்கலாம். சீவல் எடுக்கும்போது நம் தாய்மார்கள் செய்தது அந்த அடைப்பான்களை அரிந்து கதவைத் திறந்ததுதான். ஆழமாக வெட்டினால் மரம் புண்ணாகும்; மேலாகக் கீறினால் கதவு திறக்காது. நடுவிலுள்ள அந்த மயிரிழை அளவைக் கை ஒன்றே அறியும். ஆய்வுக்கூடம் 1960-களில் கண்ட காரணத்துக்கு ஏற்ற செயலை, அதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தோட்டத்துக் கைகள் இருட்டில் செய்துவந்தன.

அடைப்பு எப்படி வருகிறது என்று தெரிந்ததும், அதைத் தாமதப்படுத்தும் வழியும் கிடைத்தது. ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் மூவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், எத்திலீன் வாயுவை வெளியிடும் மருந்து ஒன்றைப் பட்டையில் பூசினால் ஓட்டம் நீடிக்கிறது என்று காட்டினார்கள். எத்தெபோன் என்று பெயர்பெற்ற அந்த மருந்து தோட்டங்கள் எங்கும் பரவியது. கோட்டுக்குப் பக்கத்தில் தூரிகையால் பூசிய ஞாபகம் நம்மில் பலருக்கு இருக்கும்.

இங்கே நாம் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வெட்டில் அதிகப் பால் கிடைத்தால் வெட்டு நாள்களைக் குறைக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றிருந்த வெட்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை, நான்கு நாளைக்கு ஒரு முறை என்று ஆகலாம். குறைந்த ஆள்களை வைத்தே நிறைய மரங்களைப் பார்க்கலாம். நிர்வாகத்துக்கு அது ஆதாயம். லயத்தில் இருந்த குடும்பத்துக்கு அது ஆதாயமா, வேலைக் குறைவா என்பதை அந்தந்தத் தோட்டத்தின் கூலிக் கணக்குத்தான் சொல்லியிருக்க முடியும்.

மரத்தின் பக்கமும் ஒன்றுண்டு. பால் நிற்பது மரத்தின் குறையன்று, அதன் காவல். நம் விரலில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து காயத்தை மூடுகிறதல்லவா? அதுபோலவே மரமும் தன்னைக் காத்துக்கொள்கிறது. மருந்தை அளவுக்கு மீறிப் பூசி, ஓய்வு கொடுக்காமல் வெட்டிய மரங்களில் பட்டை வறண்டு பால் அற்றுப்போவதைப் பழைய வெட்டுக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். பிறகு எவ்வளவு கூர்மையான கத்தியாலும் பயனில்லை.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். ஒட்டுப்பால் வாடையை அறியாத பேரப் பிள்ளைகள் பள்ளியில் கூழ்மம் என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். அந்தப் பாடம் அவர்களுக்கு அந்நியமானதன்று என்று நாம்தான் சொல்ல வேண்டும். கிரகாமும் ஐன்ஸ்டைனும் பெரினும் எந்தப் பொருளின் இயல்பைத் தேடினார்களோ, அதை அவர்களுடைய பாட்டி வாளி வாளியாகச் சுமந்திருக்கிறார். வாளி குலுங்காமல் நடந்தார். மழைநீர் பாலில் கலக்காமல் காத்தார். சொட்டு அமோனியா விட்டு உறையாமல் வைத்தார். கூழ்மத்தின் ஒவ்வொரு விதியும் அவருடைய கை வேலையில் இருந்தது. அதற்குக் கிடைத்த பெயர் பால்வெட்டு என்பது மட்டுமே.

வீட்டில் பாட்டி இருந்தால், பிள்ளைகளே, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “பாட்டி, பால் எந்த நேரத்தில் நிற்கும், எந்த மரத்தில் சீக்கிரம் நிற்கும்?” அவர் சொல்லும் விடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு மர இனத்துக்கும் இந்த அடைப்பு வேகம் மாறுபடும் என்று ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் 1969-இல் அளந்து எழுதினார்கள். பாட்டியின் விடையும் அதற்கு வெகு தூரத்தில் இராது.